யாரும் கூப்பிடாத நாள்

சக்ரபாணி வேலையை விட்டுப் போய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தும் சாயங்காலம் நாலு மணியானால் வெங்கடேஸ்வரிக்குக் காது தறிக்கொட்டகைப் பக்கமே போகும். முன்பெல்லாம் அங்கிருந்துதான் அவர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வருவார். கதவைத் தட்டுகிற பழக்கமெல்லாம் கிடையாது. தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "இன்னிக்கு என்ன பயம் ஈஸ்வரி?" என்று கேட்பார். வணக்கம் சொல்கிற வழக்கம் அவருக்கு அதுதான். இப்போது அந்த நேரத்துக்கு டீ மட்டும் வருகிறது. குடித்துவிட்டு அவள் மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற சாலையில் இருக்கிறது அந்தக் கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி நெய்து, வெளுத்து, சுருட்டி அனுப்புகிறார்கள். முதலாளி முத்துப்பாண்டி. ஆரம்பத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றைக் கொட்டகைதான். அந்தக் காலத்திலேயே விற்பனையைப் பார்க்க வந்து சேர்ந்தவள் வெங்கடேஸ்வரி. வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜபாளையத்துப் பெண். அவளுக்கு முன்பே தறிகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சக்ரபாணி. பிறகு கொட்டகை பெரிதாகி, வெளுப்பு யூனிட் வந்து, கேரளா முழுக்க வியாபாரம் போன பின்னாலும், எந்தப் பெரிய முடிவானாலும் இந்த மூன்று பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நடந்ததில்லை.

பேச்சு என்று சொன்னால் அது மரியாதை. உண்மையில் சண்டைதான். ஒரே சங்கதியை வெங்கடேஸ்வரி ஒரு விதமாகப் பார்த்தால் சக்ரபாணி நேர் எதிராகப் பார்ப்பார். நூல் வியாபாரி ஒருத்தர் எப்போதும் போனில் பேசுகிறவர், ஒருநாள் ஸ்வீட் பெட்டியோடு நேரில் வந்து நின்றார். அவர் போனதும் வெங்கடேஸ்வரி முத்துப்பாண்டியிடம், "நூல் விலை இறங்கப் போகுது அண்ணாச்சி. அதுக்குள்ள சரக்கைத் தள்ளிவிடப் பார்க்காரு. இப்ப வாங்க வேண்டாம்" என்றாள்.

"அவர் பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. சந்தோஷத்துல வந்திருக்கார். ஒரு மனுஷன் ஸ்வீட் குடுத்தா அதுலயும் உனக்குப் பாம்பு தெரியுமா?" என்றார் சக்ரபாணி.

முத்துப்பாண்டி நடுவில் உட்கார்ந்து மாம்பழம் அறுத்துக்கொண்டிருப்பார். சீசன் வந்துவிட்டால் அவர் மேசையில் காகிதத்தைவிட மாம்பழம்தான் அதிகம். தெலுங்கில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். "செப்பு ஈஸ்வரி, செப்பு" என்பார், சொல்லு சொல்லு என்று. அவள் சொல்வாள். சக்ரபாணி மறுப்பார். கதுப்பு தீர்ந்து கொட்டையும் சப்பி முடித்த பிறகு முத்துப்பாண்டி கையைத் துடைத்துக்கொண்டு ஒரு முடிவைச் சொல்வார். அந்தத் தடவை கல்யாணப் பத்திரிகை வந்தது. நூல் விலையும் இறங்கியது. இரண்டு பேரும் தாங்கள் சொன்னதுதான் சரி என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கரண்ட் கட் அதிகமாக இருந்த வருஷங்களை நினைத்தால் அவளுக்கு இப்போதும் சிரிப்பு வரும். தறியெல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோய், காது அடைத்த மாதிரி ஆகிவிடும். மூன்று பேரும் துணி மூட்டைகள் மேல் போய் உட்கார்ந்துகொள்வார்கள். வெளியே காயப்போட்டிருக்கிற வெள்ளைத் துணி வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். ஆலங்குளம் பக்கமிருந்து வருகிற சிமெண்டு லாரி தூசியைக் கிளப்பிவிட்டுப் போனால், சக்ரபாணி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு துணியை எடுக்க ஓடுவார். மேலாளர் என்கிற நினைப்பெல்லாம் அப்போது யாருக்கும் கிடையாது.

கொரோனா வந்தது. எல்லாம் அடைத்துக் கிடந்தபோது இவர்கள் கம்பெனிக்கு மட்டும் திறக்க அனுமதி கிடைத்தது. முகக்கவசம் செய்யலாமா என்று பேச்சு எழுந்தபோது வெங்கடேஸ்வரி அழுத்தமாக வேண்டாம் என்றாள். "ரெண்டு மாசத்துல ஓய்ஞ்சிரும் அண்ணாச்சி. அதுக்கு ஒரு மிஷினா?" என்றாள். சக்ரபாணி செய்யலாம் என்றார். முத்துப்பாண்டி அவர் பக்கம் சாய்ந்தார்.

அவள் கணக்கு அடியோடு பொய்த்தது. ஒரு மிஷின் வந்தது, பிறகு இன்னொன்று. கீழே வைக்க முடியாதபடி போன் அடித்தது. திருநெல்வேலியிலிருந்து ஒரு டீலர் அழுதார். கொல்லத்து சசிதரன், எத்தனையோ வருஷமாக சாந்தமாகப் பேசுகிற மனுஷன், லோடு ஒருநாள் தாமதமானதற்கு அவளைக் கண்டபடி திட்டினார். சிலர் சொந்தமாக வண்டி பிடித்து வந்து கேட்டில் காத்துக் கிடந்தார்கள். இரண்டாவது அலை அடங்கியபோது கம்பெனி முன்பு கண்டிராத உயரத்தில் நின்றது. வெங்கடேஸ்வரிக்கு சந்தோஷம்தான். ஆனால் டீ நேரத்தில் அவள் ஏதாவது எச்சரிக்கை சொல்ல வாயெடுத்தால் முத்துப்பாண்டி சிரிக்கத் தொடங்கிவிடுவார். "ரெண்டு மாசத்துல ஓய்ஞ்சிருமோ?" என்பார். அவர் கேலிக்குத்தான் சொன்னார். அவளும் கூடச் சிரித்தாள். அப்படியே அவள் வார்த்தைக்கு இருந்த கனம் குறைந்துபோனது.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் பெரிய திட்டம் ஒன்று மேசைக்கு வந்தது. உயர்தர முகக்கவசம் செய்கிற மூன்று புது மிஷின்கள். அவற்றை நிறுத்த இடம் வேண்டும் என்பதால் பாதித் தறிகளைக் கழற்றிவிடுவது. பேண்டேஜைக் குறைத்துக்கொண்டு, இனி முகக்கவசக் கம்பெனியாகவே ஆகிவிடுவது. திட்டத்தை வரைந்தவர் சக்ரபாணி. மிஷின் படத்தை மேசை மேல் விரித்து, மூலைகளில் டீ கிளாஸ்களை வைத்து அழுத்தினார்.

"நாம பண்ற துணியை யாராவது பார்த்திருக்காளா?" என்று கேட்டார் அவர். "காயத்தை மூடறோம், ரத்தத்தை உறிஞ்சறது, குப்பைக்குப் போறது. இது அப்படி இல்லே. மனுஷன் முகத்துல இருக்கப் போறது. நாம இத்தனை வருஷம் உழைச்சதுக்கு ஒரு தடவையாவது நல்ல மிஷின்ல வேலை பார்க்க வேண்டாமா?"

அவர் ஆசை அவளுக்குப் புரிந்தது. ஆனால் அவளுக்குள் கொஞ்ச நாளாகவே ஏதோ ஒன்று நெருடிக்கொண்டிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. எடுத்துச் சொன்னால் சிரிப்பார்கள். டீலர்கள் திட்டுவதை நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். 'எங்கே லோடு, எங்கே லோடு' என்று கத்தியவர்கள் இப்போது அவள் கூப்பிட்டால் எடுத்து, மரியாதையாகப் பேசி, வைத்துவிடுகிறார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் முழுத்தொகையையும் முன்கூட்டியே கொடுத்தால்தான் பேச்சு என்று சொன்ன கோயம்புத்தூர் மிஷின் ஏஜென்ட், இப்போது தானாகவே ராஜபாளையம் வந்து, லாட்ஜில் தங்கி, மறுநாளும் வந்து பார்த்தார். ஆண்டாள் கோயிலுக்கு அவள் போன அன்று, சன்னதி வாசலில் நின்ற கூட்டத்தில் பாதிப் பேருக்கு முகக்கவசம் தாடையில் தொங்கியது. மீதிப் பேருக்கு அதுவும் இல்லை.

ஒவ்வொன்றுக்கும் சக்ரபாணியிடம் பதில் இருந்தது. "டீலர் ஏன் கத்தணும்? இப்போ சரக்கு நேரத்துக்குப் போறது. அவா திருப்தியா இருக்கா. ஏஜென்ட் ஏன் வந்தான்? நாம பெரிய பார்ட்டி ஆயிட்டோம். கோயில்ல ஜனங்க போடலேன்னா ஆஸ்பத்திரியில போடாம இருப்பாளா?"

"கத்துறவங்கதான் நம்ம கூட இருப்பாங்க சார். போறதுன்னு முடிவு பண்ணவங்க கத்த மாட்டாங்க."

"இது நீயா நினைச்சுக்கறது."

உண்மைதான் என்று அவளுக்கே பட்டது. அவள் பயந்த சுபாவம் உள்ளவள். பயத்துக்கு ஏற்ற மாதிரி அடையாளங்களைப் பொறுக்கிக்கொள்கிறாளோ என்னவோ. அவர் ஆசைக்கு ஏற்ற மாதிரி பொறுக்குகிறார். ஒரே கோயில் வாசல், ஒரே ஏஜென்ட், ஒரே டீலர்கள். யார் கண்ணால் பார்ப்பது?

முத்துப்பாண்டி அன்று மாம்பழம் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். "திங்கக்கிழமை ஏஜென்ட்டுக்குப் பதில் சொல்லியாகணும். ரெண்டு பேரும் இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்தா நான் என்னத்தச் செய்ய?" என்றார்.

சக்ரபாணிதான் அந்த வழியைச் சொன்னார். "பழைய மிஷின் ரெண்டையும் ஓவர்ஹாலுக்கு நிறுத்தணும்னு நானே சொல்லிண்டிருக்கேன். இப்போ நிறுத்திடறேன். இந்த மாசம் மாஸ்க் லோடு பதினைஞ்சு நாள் தாமதமாகும்னு எல்லா டீலருக்கும் ஈஸ்வரி சொல்லட்டும். பொய் ஒண்ணும் இல்லே. நாளைக்கு இந்த ரூம்ல உட்கார்ந்து பார்ப்போம். போன் மணியில உனக்குக் காது கிழியப் போறது."

அவர் குரலில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. வெங்கடேஸ்வரி அன்று மாலையே எல்லா டீலர்களுக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள். ஒவ்வொருவரும் பார்த்துவிட்டதைக் காட்டுகிற நீலக் கோடுகள் வரிசையாக விழுந்தன.

மறுநாள் காலையிலேயே மூன்று பேரும் அவள் அறையில் கூடிவிட்டார்கள். அவளுடைய செல்போனும் ஆபீஸ் போனும் மேசை நடுவில் இருந்தன. முதலில் பேச்சும் சிரிப்புமாகத்தான் இருந்தது. முத்துப்பாண்டி, பழைய மேட்டடார் வேன் மதுரைக்குப் போகிற வழியில் நின்றுபோய், முதல் ஆர்டரைத் தலையில் சுமந்து பஸ் ஏற்றிய கதையைச் சொன்னார். ஆளுக்கு ஒரு மூட்டை. தலையில் மூட்டையோடு கண்டக்டரிடம் சண்டை போட்டதைச் சக்ரபாணியே நடித்துக் காட்டினார். சிரித்துச் சிரித்து வெங்கடேஸ்வரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டீ வந்தது. போன் வரவில்லை.

வெயில் ஜன்னலைத் தாண்டி மேசை மேல் ஏறியது. வங்கியிலிருந்து ஒரு விளம்பர அழைப்பு வந்தபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். பிறகு பேச்சு குறைந்தது. தறி ஓடுகிற சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே பிரித்தார்கள். சக்ரபாணி தன் தயிர்சாதத்தில் பாதியை மூடி வைத்துவிட்டார். போனில் டவர் இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தார். இருந்தது.

நாலு மணி வாக்கில் மணி அடித்தது. கொல்லத்து சசிதரன். வெங்கடேஸ்வரி ஸ்பீக்கரில் போட்டாள். சக்ரபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேடம், மெசேஜ் கண்டு. மாஸ்க் அல்லே, அது மெதுவா வரட்டே. அவசரம் ஒண்ணும் இல்லா. நான் கூப்பிட்டது வேற விஷயம். ரோலர் பேண்டேஜ் எப்போ அனுப்பும்? ரெண்டு மாசமாயி கேக்கறேன். நிங்களுக்கு இனி எங்களை வேண்டாமா? வேண்டாம்னா சொல்லுங்க, நான் வேற இடம் பாக்கறேன்."

சொல்லிவிட்டு அவர் திட்டவும் ஆரம்பித்தார். பேண்டேஜுக்காக. நன்றாகவே திட்டினார். வெங்கடேஸ்வரி மன்னிப்புக் கேட்டு, இந்த வாரமே அனுப்புவதாகச் சொல்லி வைத்தாள். அதற்குப் பிறகு இருட்டும் வரைக்கும் ஒரு போன் இல்லை.

தான் ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு அவளுக்கு வரவில்லை. சக்ரபாணியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவர் மெதுவாக, "கையில சரக்கு இருக்கு, அதான் கூப்பிடலே. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு மாசம் பார்க்கணும்" என்றார்.

முத்துப்பாண்டி எழுந்து ஜன்னலண்டை போய் நின்றார். தறிக்கொட்டகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "ஒரு மிஷின் வரட்டும். மத்த ரெண்டும் வேண்டாம்னு சொல்லிருதேன். தறியில யாரும் கைவைக்க வேண்டாம் சக்ரபாணி. பொறவு பாத்துக்கிடுவோம்."

"சரி அண்ணாச்சி" என்றார் சக்ரபாணி. எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போனார்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் வெங்கடேஸ்வரிக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜனவரியில் புதுசாக இன்னொரு அலை வந்தது. டெல்லியிலும் பம்பாயிலும் பரவுகிறது என்று டிவியில் சொன்ன மறுநாளே டீலர்கள் விழுந்தடித்துக்கொண்டு கூப்பிட்டார்கள். காலை முதல் ராத்திரி வரை மணி ஓயவில்லை. இருக்கிற மிஷின்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. வேண்டாம் என்று விட்ட இரண்டு மிஷின்களைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லார் மனதிலும் அவைதான் ஓடின. முத்துப்பாண்டி அவளைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி நடந்தார்.

ஒருநாள் சக்ரபாணி அவள் அறைக்கு வந்தார். "என்ன பயம்" என்று கேட்கவில்லை. உற்பத்திப் பிரிவு போனைக் கையில் எடுத்து வந்திருந்தார். அது அடித்துக்கொண்டே இருந்தது. அவள் மேசை மேல் அதை வைத்துவிட்டுப் போய்விட்டார். அது நிற்கும் வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்து அவர் வரவில்லை. உடம்பு முடியவில்லை, போதும் என்று முத்துப்பாண்டிக்குச் சொல்லி அனுப்பினார்.

பங்குனி வருவதற்குள் அந்த அலை அடங்கிப்போயிற்று. பங்குனி முடிவதற்குள் முகக்கவசக் கட்டுப்பாட்டை அரசாங்கமே தளர்த்திவிட்டது. புதிதாக வந்த ஒற்றை மிஷினுக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். தறிகள் மட்டும் இல்லாமல் போயிருந்தால் கம்பெனி கதவைச் சாத்தியிருக்க வேண்டும். முத்துப்பாண்டி அவள் அறைக்கு வந்து, நின்றபடியே, "நீ காப்பாத்திட்ட தாயி" என்றார். அந்த வார்த்தைக்கு அவள் ஏங்கியிருந்தாள். கிடைத்தபோது, அதைக் கேட்க அந்த மூன்றாவது நாற்காலியில் ஆள் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றும் தூர தேசம் இல்லை. காரை எடுத்தால் அரை மணி நேரம். போக வேண்டும், போக வேண்டும் என்று நினைப்பாள். போனால், 'நான் சொன்னேன் பார்த்தீர்களா' என்று சொல்ல வந்த மாதிரி அவருக்குப் படுமோ என்று நின்றுவிடுவாள். ஆண்டாளைச் சேவிக்க அந்த ஊருக்குப் போனாலும் அவர் வீடு இருக்கிற மாட வீதியைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகத் திரும்பிவிடுவாள்.

இதற்கிடையில் அவளுக்கு ஒரு விசித்திரமான கஷ்டம் வந்து சேர்ந்தது. முத்துப்பாண்டி அவளை அப்படியே நம்பத் தொடங்கிவிட்டார். எது வந்தாலும், "ஈஸ்வரி வேண்டாம்னா வேண்டாம்" என்பார். அவளும் வேண்டாம் என்றே சொல்லிவந்தாள். புது வெளுப்பு முறை ஒன்று வந்தது, நெருடுகிறது என்றாள், விட்டார்கள். ஹைதராபாத்தில் ஒரு கூட்டாளி கேட்டார், ஏதோ சரியில்லை என்றாள், விட்டார்கள். அதே காலத்தில் முகக்கவச மிஷின்களை வாங்கி மாட்டிக்கொண்ட ஆலங்குளம் வழிக் கம்பெனி ஒன்று, அவற்றைக் கொஞ்சம் மாற்றி ஆபரேஷன் தியேட்டர் தொப்பி செய்து இப்போது நன்றாக ஓடுகிறது என்று கேள்விப்பட்டாள். சக்ரபாணி இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பாரோ?

இந்த ஆடியில் பெங்களூர் ஆஸ்பத்திரிக் குழுமம் ஒன்றிலிருந்து கௌதம்ராஜ் என்ற கொள்முதல் அதிகாரி வந்தார். இளம் வயது, நல்ல பேச்சு. மூன்று வருஷத்துக்குக் கம்பெனியின் மொத்தத் துணியையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார். அவள் சொன்ன விலைக்குத் தலையாட்டினார். பேரமே பேசவில்லை. வேறு டீலர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

"செப்பு ஈஸ்வரி" என்றார் முத்துப்பாண்டி.

அவளுக்கு வழக்கம்போல நெருடியது. வேண்டாம் என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் இந்தக் கணமே விஷயம் முடிந்துவிடும், மறுத்துப் பேச ஒரு ஆள் கிடையாது என்று நினைத்தபோது திடீரென்று பயம் வந்தது. தன் பயத்தைப் பார்த்தே வந்த பயம் அது.

"ரெண்டு நாள் குடுங்க அண்ணாச்சி. ஒருத்தரைக் கேட்டுட்டுச் சொல்லுதேன்."

யாரை என்று அவர் கேட்கவில்லை. "நான் கேட்டேன்னு சொல்லு" என்றார், கீழே பார்த்தபடி.

ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்த மறுநாள் அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். தெருவில் இன்னும் மிதிபட்ட துளசியும் காகிதத் தட்டுகளுமாகக் கிடந்தன. தேர் நிலைக்கு வந்து நின்றிருந்தது. சக்ரபாணியின் மனைவி பங்கஜவல்லி கதவைத் திறந்து, ஒரு கணம் திகைத்து, பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "யார் வந்திருக்கா பாருங்கோ!"

அவர் இளைத்திருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. நேற்று வடம் இழுத்ததில் உள்ளங்கை சிவந்திருப்பதைக் காட்டினார். "இந்த வயசுல வேண்டாம்னு இவ சொன்னா. கேப்பேனா?" என்றார். பங்கஜவல்லி காபி கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரம் மூன்று பேரும் மழை பெய்யாததைப் பற்றிப் பேசினார்கள்.

பிறகு அவள் கௌதம்ராஜைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்ல அவர் முதுகு நாற்காலியை விட்டு எழும்பியது.

"பேரம் பேசலேன்னா திருடனா?" என்றார். "அவனுக்கு அவசரம்னு ஏன் தோணலே உனக்கு? இதுவரைக்கும் யார்கிட்ட வாங்கிண்டிருந்தான், கேட்டியா?"

"கேக்கலை."

"அவன் ஏன் விட்டான், அதைக் கேட்டியா?"

"கேக்கலை சார்."

"பின்னே என்னத்தைக் கேட்டே? நெருடறது நெருடறதுன்னு உட்கார்ந்திருந்தா எல்லாமே நெருடும். மொத்தமும் கிடையாது, பாதிதான்னு சொல்லிப் பாரு. ஏமாத்த வந்தவன் சரின்னு சிரிச்சிண்டே தலையாட்டுவான், இல்லே எழுந்து போயிடுவான். நிஜமா துணி வேணுங்கறவன் உன்னோட மல்லுக்கு நிப்பான்."

"மல்லுக்கு நின்னா மட்டும் நல்லவருன்னு எப்படிச் சொல்லுதீங்க?"

"சொல்ல முடியாது. ஆனா நீ வேண்டாம்னு சொல்றதுக்கும் ஆதாரம் கிடையாதே!"

குரல் உயர்ந்தது. பங்கஜவல்லி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி போனாள். வெங்கடேஸ்வரியும் விடவில்லை, அவரும் விடவில்லை. மொத்தத்தையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தால் கொல்லத்து சசிதரனை இழப்போம் என்றாள். அப்படியானால் அவருக்கென்று ஒரு பங்கை ஒப்பந்தத்திலேயே எழுதி வை என்றார். முதல் வருஷம் பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசலாம் என்று அவள் சொன்னதை மட்டும் அவர் ஒத்துக்கொண்டார். காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

கிளம்பும்போது, "அண்ணாச்சி கேட்டதா சொல்லச் சொன்னாங்க" என்றாள்.

கார் வரைக்கும் கூட வந்தார்.

பாதிதான் என்று கேட்டதும் கௌதம்ராஜின் சிரிப்பு மறைந்தது. போனில் ஒரு வாரம் மல்லுக்கட்டினார். விலையைக் குறை என்றார், முக்கால் பங்காவது வேண்டும் என்றார், ஒருநாள் கோபத்தில் பாதியில் வைத்துவிட்டு மறுநாள் அவரே கூப்பிட்டார். அவர்களுக்கு இதுவரை துணி கொடுத்த கம்பெனியில் தரம் விழுந்து, இரண்டு தடவை சரக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு உண்மையிலேயே அவசரம். வெங்கடேஸ்வரியின் நெருடல் இந்தத் தடவை தப்பு. அதைத் தெரிந்துகொண்டபோது அவளுக்கு வெட்கமாக இல்லை, லேசாக இருந்தது. பாதிக்குக் கொஞ்சம் மேலாக, ஒரு வருஷத்துக்கு என்று ஒப்பந்தம் முடிந்தது.

முதல் லோடு கிளம்புகிற அன்று முத்துப்பாண்டியே கார் எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சக்ரபாணியைக் கூட்டி வந்தார். வழியில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. வந்து இறங்கியபோது இரண்டு பேருக்குமே கண் கலங்கியிருந்தது. சக்ரபாணி நேராகத் தறிக்கொட்டகைக்குள் போனார். ஒவ்வொரு தறியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ஓடுகிற துணியை விரலால் நிரடிக்கொண்டு, வெகுநேரம் சுற்றினார். புது ஆட்கள் யாரோ பெரியவர் என்று ஒதுங்கி நின்றார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் வந்து போகலாமே என்று முத்துப்பாண்டி கேட்டார். "பங்கஜத்தைக் கேக்கணும்" என்றார் சக்ரபாணி. ஆனால் அதற்குள்ளேயே வெளுப்பு யூனிட் மேஸ்திரியிடம் ஏதோ குறை சொல்ல ஆரம்பித்திருந்தார்.

சாயங்காலம் வெங்கடேஸ்வரி அவரை வீட்டில் விட வண்டி எடுத்தாள். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பாதி தூரம் அவர் ரோட்டோரத்துத் தறிக்கொட்டகைகளை எண்ணிக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்:

"அந்த மூணு மிஷினும் வந்திருக்கணும் ஈஸ்வரி. தொப்பி பண்ணியிருக்கலாம். கவுன் பண்ணியிருக்கலாம்."

"வந்திருந்தா தறி போயிருக்கும் சார். தறி போயிருந்தா இன்னைக்கு இந்த லோடு ஏது?"

"அதெல்லாம் வேற இடத்துல போட்டிருப்பேன்."

"எங்க போட்டிருப்பீங்க?"

அவர் கையை நீட்டி, எந்தக் கொட்டகையை எந்தப் பக்கம் இழுத்திருக்கலாம் என்று காற்றில் கோடு போட்டுக் காட்ட ஆரம்பித்தார். சாலையைப் பார்த்தபடியே அவள் ஒவ்வொன்றையும் மறுத்துக்கொண்டு வந்தாள். கோபுரம் தெரிந்தது, பஸ் ஸ்டாண்ட் வந்தது, அவர் தெரு திரும்புகிற இடமும் தாண்டிப் போய்விட்டது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.